தோல்வியில் என் பங்கு எங்கே?

"என் தப்புதான் அண்ணே. ரெண்டாவது செட்டுல நான் இன்னும் கொஞ்சம் ஓடியிருக்கணும்."

டென்னிஸ் டபுள்ஸ் அரையிறுதியில் தோற்றுவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது என் பார்ட்னர் சொன்னது இது. நல்ல பையன். என்னைவிட ரொம்ப இளையவன், என்னைவிட ரொம்ப நன்றாக ஆடுபவன். நாங்கள் ஜோடியாக இறங்கினால் எதிரணிக்காரர்கள் வார்ம்-அப் முடிவதற்குள் தீர்மானித்துவிடுவார்கள், பந்தை யாரிடம் அடிப்பது என்று. என்னிடம்தான். அதில் அவர்களுக்கும் சந்தேகம் கிடையாது, எனக்கும் கிடையாது.

வயதில் பெரியவர், மனசு நோகக் கூடாது என்று நினைத்துத்தான் சொன்னான். எனக்கு நொந்ததே அதனால்தான். "ஏம்ப்பா, தோக்கற அளவுக்குக்கூட நான் ஆடலையா?" என்று கேட்டேன். ஜோக் என்று நினைத்துச் சிரித்தான்.

சொத்தையான பார்ட்னரோடு ஆடித் தோற்றவர்கள் புலம்பி நிறையக் கேட்டிருக்கிறேன். "அவரை வச்சுக்கிட்டு என்ன பண்றது" என்று தலையில் அடித்துக்கொள்பவர்கள் ஒரு ரகம். முழுப் பழியையும் தாமே விழுங்கிவிட்டுப் பெருந்தன்மையோடு தண்ணீர் குடிப்பவர்கள் இன்னொரு ரகம். அந்தச் சொத்தைப் பார்ட்னர் வாய் திறந்து நான் கேட்டதில்லை. இந்தப் பதிவை அவர் சார்பில் எழுதுகிறேன்.

முதலில் டென்னிஸ் விதி என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் இந்த விஷயத்தில் அது மனிதர்களைவிட நியாயமாக இருக்கிறது. சிங்கிள்ஸ் கோர்ட் 27 அடி அகலம். டபுள்ஸுக்கு இரண்டு பக்கமும் நாலரை நாலரை அடி சேர்த்து 36 அடி. ஆள் இரண்டு மடங்கு ஆகிறது, இடம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆகவே ஒருவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாம் என்ற ஆசை திறமைசாலிக்கு வருவது இயல்பு. ஆனால் விதி விடாது. நாலு பேரும் முறை வைத்துத்தான் செர்வ் போட வேண்டும். ஒரு செட்டில் என் முறை வந்தால் நான்தான் போட்டாக வேண்டும், எனக்குப் பதிலாக அவன் போட முடியாது. ரிட்டர்னும் அப்படியே. செட்டின் தொடக்கத்தில் வலது பக்கம் யார், இடது பக்கம் யார் என்று தீர்மானித்துவிட்டால் அந்த செட் முழுக்க மாற்ற முடியாது. செர்வ் ஒரு முறை எனக்கு, ஒரு முறை அவனுக்கு என்று மாறி மாறி வரும். எதிரணி எவ்வளவு ஆசைப்பட்டாலும் எல்லா செர்வையும் என் பேக்ஹேண்டுக்கே போட வழியில்லை.

அதற்குப் பிறகுதான் கதை மாறுகிறது. பந்து ஓட ஆரம்பித்ததும் எந்தப் பங்கீடும் கிடையாது. பலவீனமானவரைத் தேடித் தேடி அடிக்கலாம். அதில் தவறும் இல்லை, நான் எதிரே நின்றால் நானும் அதைத்தான் செய்வேன். நெட்டருகே நிற்கும் அவருடைய காலடியில் ஒன்று, தலைக்கு மேல் லாப் ஒன்று, பிறகு இருவருக்கும் நடுவே ஒன்று.

டபுள்ஸில் கோர்ட்டின் மற்ற எல்லா இடத்துக்கும் சொந்தக்காரர் உண்டு, நடுவுக்கு மட்டும் இல்லை. இருவரும் வலது கைக்காரர்கள் என்றால் இடது பக்கம் நிற்பவருக்கு நடுப்பந்து போர்ஹேண்டில் வரும், ஆகவே அது அவருடையது என்பது பொதுவாகச் சொல்லித்தரும் பாடம். முக்கியமான பாயிண்டுகள் இடது பக்கம்தான் அதிகம் விழும் என்பதால் ஜோடியில் திறமையானவரை இடது பக்கம் நிறுத்துவதும் வழக்கம். எங்கள் ஜோடியில் இடது பக்கம் நின்றது நான். காரணம் டென்னிஸ் அல்ல. "நீங்க எந்தப் பக்கம் வேணுமோ எடுத்துக்குங்க அண்ணே" என்று அவன் சொன்னான், பழக்கமான பக்கம் என்று நான் இடதை எடுத்துக்கொண்டேன். பெரியவருக்கு முதல் மரியாதை. நம்மவர்கள் ஆடும் டபுள்ஸில் இப்படி மரியாதையால் போகும் பாயிண்டுகளை யாரும் கணக்கெடுப்பதில்லை.

இப்போது அன்றைய ஆட்டத்துக்கு வருகிறேன். என் டபுள் ஃபால்ட்கள் என்னுடையவை. அதில் யாருக்கும் பங்கு தர மாட்டேன். பேக்ஹேண்டில் வந்த செர்வை நெட்டில் அடித்ததும் என்னுடையதே. ஆனால் என் காலடியில் விழுந்து நான் எடுக்க முடியாமல் போன பந்துகள் பலவற்றை ஒரு அடி பின்னால் போய்ப் பாருங்கள். அவனுடைய ரிட்டர்ன் கொஞ்சம் மிதந்து போயிருக்கும். எதிரே நெட்டில் நிற்பவன் அதை என் முழங்காலுக்கு இறக்கியிருப்பான். பார்க்கிறவர்கள் கண்ணுக்கு விட்டது நான். டபுள்ஸில் பந்தைக் கடைசியாகத் தொட்டவர் தலையில்தான் பழி விழும், அதற்கு முந்திய அடியை ஒருவரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

இன்னொன்றும் உண்டு. முதல் செட் போன பிறகு அவன் என் பக்கத்துப் பந்துகளையும் எடுக்க ஆரம்பித்தான். கோர்ட்டில் மூன்றில் இரண்டு பங்கை அவனே காக்கிறான் என்று பார்க்கிறவர்கள் மெச்சியிருப்பார்கள். ஆனால் அவன் நடுவுக்கு வந்தால் அவனுடைய ஓரக்கோடு காலி, எதிராளிகள் அதைக் கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. அதோடு, பந்தே தொடாமல் நாலைந்து பாயிண்ட் நின்றவனுக்குக் கை ஆறிப்போகும். பிறகு திடீரென்று ஒரு வாலி வரும்போது மட்டை தன்னுடையது மாதிரியே இருக்காது. திறமையான பார்ட்னர்கள் இதை நம்ப மாட்டார்கள். அவர்களுக்கு இந்த அனுபவம் வாய்த்திருக்காது.

கடைசிப் பாயிண்ட் டைபிரேக்கில். பந்து நடுவில் வந்தது. என் போர்ஹேண்ட். அவன் பேக்ஹேண்டோடு பாய்ந்தான். இரண்டு மட்டையும் மோதிக்கொண்டன, பந்து பக்கவாட்டில் எங்கோ போனது. அதற்குத்தான் "என் தப்பு அண்ணே". ஆட்டத்தில் என் பந்தை எடுத்தான், ஆட்டம் முடிந்ததும் என் தப்பையும் எடுத்துக்கொண்டான்.

இதெல்லாம் எந்த ஊரில் என்று சொல்லவில்லையே. நான் இருப்பது யாங்கோனின் கியாக்டடா பகுதியில். சூலே பகோடா, நகரசபைக் கட்டடம், மகாபந்துலா பூங்கா, பழைய உயர் நீதிமன்றம் எல்லாம் இருக்கிற நகரத்தின் நடு இடம். மாடிகளிலிருந்து கயிறு தொங்கும், கீழே பத்திரிகையோ பொட்டலமோ மாட்டிவிட்டால் மேலே இழுத்துக்கொள்வார்கள். டென்னிஸ் கோர்ட்டுக்கு இங்கே இடம் ஏது, கார் நிறுத்தவே இடமில்லை. ஆட வேண்டுமென்றால் வெளியே போக வேண்டும், மழைக்காலத்தில் அதுவும் பாதி நாள் நடக்காது. இந்தப் பதிவை எழுத நேரம் கிடைத்ததே மழையால்தான்.

ஊர் பெயரைச் சொன்னதும் படிக்கிற பழக்கமுள்ளவர்கள் ஜார்ஜ் ஆர்வெல்லைக் கேட்பார்கள். 1934-இல் வந்த அவருடைய 'பர்மீஸ் டேஸ்' நாவல் நடக்கும் ஊரின் பெயரும் கியாக்டடா. ஆனால் அது இதல்ல. ஆர்வெல் போலீஸ் அதிகாரியாக 1926–27-இல் வேலை பார்த்த, வடக்கே ஐராவதிக் கரையில் இருக்கும் காதா என்ற ஊருக்கு அவர் வைத்த பெயர் அது. அந்தக் காலத்து டென்னிஸ் கோர்ட் காதாவில் இன்னமும் இருக்கிறது. இங்கே பான்சோடான் தெரு நடைபாதையில் அந்த நாவலின் நகலை விற்பார்கள், நானும் அப்படி வாங்கித்தான் படித்தேன்.

நாவலில் டென்னிஸைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது ஒரு ஜோடி. மரவியாபாரக் கம்பெனியில் வேலை பார்க்கும் வெள்ளைக்காரன் ஃப்ளோரி, அவனுடைய நண்பர் டாக்டர் வீராசாமி. பெயரைக் கேட்டாலே நம்ம பக்கத்து ஆள் என்று தெரிகிறது. வெள்ளைக்காரர் கிளப்பில் ஒரு உள்ளூர்க்காரரைச் சேர்க்க வேண்டிய கட்டாயம் வருகிறது, டாக்டருக்கு அந்த இடம் கிடைத்தால் எதிரிகளிடமிருந்து தப்பிக்கலாம். ஃப்ளோரி முதலில் பயந்து டாக்டருக்கு எதிரான அறிவிப்பில் கையெழுத்துப் போடுகிறான், பிறகு துணிந்து அவர் பெயரை முன்மொழிகிறான். கடைசியில் ஃப்ளோரி தன் சொந்த அவமானத்தில் உயிரை விடுகிறான். நாவலைப் படித்தவர்கள் எல்லோருக்கும் அந்தச் சாவு ஞாபகம் இருக்கும். டாக்டருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுப் பாருங்கள், பலருக்கு நினைவிருக்காது. பதவி இறக்கப்பட்டு மாண்டலே மருத்துவமனைக்கு மாற்றப்படுகிறார். சேர்ந்து ஆடிய ஆட்டத்தில் இருவரும் தோற்றார்கள், ஆனால் கதை பெரிய ஆளின் தோல்வியாகத்தான் நினைவில் நிற்கிறது.

இதே காட்சியை 2024 ஜூலை 28 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் பார்த்தேன். பார்த்தேன் என்பது பொய், கரண்ட் இல்லாத யாங்கோனில் மறுநாள் போனில் செய்தியாகப் படித்தேன். ஆண்கள் டபுள்ஸ் முதல் சுற்றில் ரோகன் போபண்ணாவும் கோயம்புத்தூர் ஸ்ரீராம் பாலாஜியும் பிரான்ஸின் கேல் மோன்ஃபில்ஸ், எட்வார் ரோஜர்-வாஸ்லின் ஜோடியிடம் 5-7, 2-6 என்று தோற்றார்கள். போபண்ணாவுக்கு அப்போது 44 வயது. அந்த வருட ஜனவரியில்தான் மாத்யூ எப்டனோடு ஆஸ்திரேலிய ஓப்பனை வென்று, உலகின் முதலிடத்துக்கு வந்த மிக வயதான ஆட்டக்காரர் ஆனார். பாலாஜிக்கு 34 வயதில் அது முதல் ஒலிம்பிக். தரவரிசையில் அவர் முதல் 50-க்கு வெளியே.

உலகின் முதல் பத்துக்குள் இருப்பவர் என்பதால் பார்ட்னரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை போபண்ணாவுக்கு இருந்தது. யூகி பாம்ப்ரியும் இருந்தார், பாலாஜியைக் கேட்டவர் போபண்ணாதான். காரணம் இல்லாமல் இல்லை. சில வாரங்களுக்கு முன் அதே ரோலான் காரோவில், பிரெஞ்சு ஓப்பனில், பாலாஜியும் மெக்சிகோவின் ரேயஸ்-வரேலாவும் சேர்ந்து போபண்ணா–எப்டன் ஜோடியை மூன்றாவது செட் டைபிரேக் வரை இழுத்திருந்தார்கள்.

தோற்ற மறுநாள் தலைப்புகள் எல்லாம் போபண்ணா. இந்தியாவுக்காக இனி ஆடப்போவதில்லை என்று அவர் அறிவித்திருந்தார், ஆகவே அது நியாயம்தான், இருபது வருடத்துக்கு மேல் நாட்டுக்காக ஆடியவர். ஆனால் பாலாஜி? முதல் ஒலிம்பிக்கில் முதல் ஆட்டத்திலேயே வெளியே போன ஒரு மனிதர் செய்தியின் மூன்றாவது பத்தியில் ஒரு பெயராக நின்றார். அவரைத் திட்டியிருந்தால்கூட அவர் ஆடினார் என்று ஒத்துக்கொண்ட மாதிரி இருந்திருக்கும்.

எதிர் ஜோடியைக் கவனித்தீர்களா? ரோஜர்-வாஸ்லின் டபுள்ஸ்காரர், 2014-இல் பிரெஞ்சு ஓப்பன் டபுள்ஸை வென்றவர். அவரோடு ஆட வேண்டிய ஃபாபியன் ரெபூல் காயத்தால் விலக, கடைசி நேரத்தில் வந்தவர் மோன்ஃபில்ஸ். சிங்கிள்ஸில் பெரிய பெயர், ஆனால் டபுள்ஸ் அவருடைய தொழில் அல்ல. ஒட்டுப்போட்ட ஜோடி என்று சொன்னால் அந்தப் பக்கமும் ஒட்டுத்தான். ஜெயித்ததும் அந்தப் பேச்சு எழவில்லை.

பார்ட்னரைத் தேர்ந்தெடுத்தவருக்குத் தேர்வின் பொறுப்பு உண்டு. ஆட்டத்தின் பொறுப்பு வேறு. அது கோர்ட்டுக்குள் இறங்கிய இருவருக்கும் பொது. முதலாவதை வைத்து இரண்டாவதை அழிக்கும்போதுதான் பாலாஜிகள் காணாமல் போகிறார்கள்.

தேர்வே இல்லாமல் ஜோடி சேர்க்கப்பட்டால்? அதற்கு 2012 லண்டன் ஒலிம்பிக் இருக்கிறது. இந்திய டென்னிஸ் சங்கம் முதலில் லியாண்டர் பயஸ்–மகேஷ் பூபதி ஜோடியைத்தான் அறிவித்தது. பயஸோடு ஆட மாட்டேன் என்று பூபதி சொன்னார், போபண்ணாவும் சொன்னார். நாட்கணக்கில் சண்டை. கடைசியில் இரண்டு ஜோடிகள் அனுப்பப்பட்டன. பூபதியும் போபண்ணாவும் ஒன்று. இன்னொன்றில் பயஸோடு ஹைதராபாத்தின் விஷ்ணு வர்தன், தரவரிசையில் இருநூறுக்கும் கீழே. இரண்டு வருடம் முன் குவாங்சோ ஆசியப் போட்டியில் சானியா மிர்சாவோடு கலப்பு இரட்டையரில் வெள்ளி வென்றவர் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். மூத்தவர் இருவர் வேண்டாம் என்று தள்ளிய நாற்காலியில் உட்காரவைக்கப்பட்ட பையன் என்றே பேச்சு.

நடந்தது என்ன? பயஸும் விஷ்ணுவும் முதல் சுற்றில் நெதர்லாந்தின் ஹாஸ–ரோயர் ஜோடியை மூன்று செட்டில் வென்றார்கள். இரண்டாவது சுற்றில் பிரான்ஸின் லோத்ரா–சோங்கா. 6-7, 6-4, 3-6. ஒரு செட்டை எடுத்துவிட்டுத்தான் தோற்றார்கள், யாரிடம் என்றால் கடைசியில் வெள்ளி வாங்கிய ஜோடியிடம். சமபலம் என்று சொல்லி அடம்பிடித்துச் சேர்ந்த பூபதி–போபண்ணாவும் அதே இரண்டாவது சுற்றில்தான் வெளியே போனார்கள், பென்னெட்டோ–கஸ்கே ஜோடியிடம், 3-6, 4-6, நேர் செட்டில். பலவீனமான பார்ட்னர் என்று ஒருவர் இருந்தால்தான் தோற்போம் என்பது உண்மையானால் இந்த இரண்டு ஸ்கோரும் இடம் மாறியிருக்க வேண்டும்.

இதை வைத்து பலவீனமே பொருட்டல்ல என்று நான் சொல்ல வரவில்லை. பொருட்டுதான், என் பேக்ஹேண்டைப் பார்த்தவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நான் கேட்பது கணக்கு மட்டும். தொழில்முறை டென்னிஸ் அதைச் சுத்தமாக வைத்திருக்கிறது. டபுள்ஸ் பரிசுப்பணம் ஜோடிக்கு, இரண்டாகப் பிரித்துக்கொள்வார்கள். தரவரிசைப் புள்ளிகள் பாதி பாதி கூட அல்ல, இருவருக்கும் முழுசாகப் போகும். ஜெயித்தால் திறமைசாலிக்கு அறுபது, மற்றவருக்கு நாற்பது என்று கிடையாது. வெற்றிக்கு இல்லாத விகிதம் தோல்விக்கு மட்டும் எப்படி வருகிறது?

பலவீனமானவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. பீட்டர் ஃப்ளெமிங் சொன்னதாக ஒரு ஜோக் டென்னிஸ் உலகில் ரொம்பப் பிரபலம்: உலகின் சிறந்த டபுள்ஸ் ஜோடி ஜான் மெக்கன்ரோவும் வேறு யாராவது ஒருவரும். அந்த வேறு யாராவது அவரேதான். இருவரும் சேர்ந்து 4 விம்பிள்டன், 3 அமெரிக்க ஓப்பன் வென்றவர்கள். 1992-இல் மெக்கன்ரோ ஜெர்மனியின் மிக்கேல் ஷ்டிக்கோடு சேர்ந்து விம்பிள்டனை வென்றபோது ஜோக் நிஜமாகிவிட்டது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ஃப்ளெமிங் சிங்கிள்ஸிலேயே உலகின் முதல் பத்துக்குள் வந்த மனிதர், ஆறடிக்கு மேல் உயரம், பயங்கரமான செர்வ். அவரே தன்னை 'வேறு யாராவது' என்று சொல்லிக்கொண்டது எனக்கு ரசிக்கவில்லை. பணிவு மாதிரி தெரியும் இந்தப் பேச்சு பொறுப்பிலிருந்து நழுவும் வழியாகவும் ஆகிவிடும். வெற்றிக்கு நான் காரணமில்லை என்றால் தோல்விக்கும் நான் காரணமில்லை.

இதன் இன்னொரு வடிவம் சாரி. முன்பு என்னோடு ஆடிய ஒருவர் ஒவ்வொரு பாயிண்டுக்கும் சாரி சொல்வார். பந்து நெட்டில் பட்டால் சாரி, என் பந்து வெளியே போனாலும் சாரி. நாலாவது கேமுக்குள் அவருக்கு ஆறுதல் சொல்வதே எனக்கு முழுநேர வேலையாகிவிடும், அடுத்த செர்வை எங்கே போடுவது என்று யோசிக்க நேரம் இருக்காது. தப்பை முழுக்க எடுத்துக்கொள்கிறவரும் பார்ட்னரை விட்டுத் தனியாகத்தான் ஆடிக்கொண்டிருக்கிறார். திறமைசாலி செய்தாலும் அதேதான், பலவீனமானவர் செய்தாலும் அதேதான்.

தோற்ற அன்று கோர்ட்டிலிருந்து நேராக டீக்கடைக்குப் போனோம். குட்டி ஸ்டூல்கள், மேஜையில் ஏற்கெனவே சுடச்சுட வெறுந்தேநீர். அவன் உதட்டைக் குவித்து முத்தச் சத்தம் கொடுத்துப் பையனைக் கூப்பிட்டான், இந்த ஊரில் டீக்கடைப் பையனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சமோசா வந்தது. நான் டம்ளரை நெட்டாக வைத்து, சமோசாத் துண்டுகளை ஆட்களாக நிறுத்தி, கடைசிப் பாயிண்டை ஆடிக்காட்டினேன்.

"இது யாரோட பந்து?"

"என்னோட..."

"உன் பேக்ஹேண்ட், என் போர்ஹேண்ட். யாரோட பந்து?"

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "உங்களோடதுதான் அண்ணே. ஆனா நீங்க அடிச்சிருந்தா வெளிய போயிருக்கும்."

முதல் தடவையாக உண்மை பேசினான். "போயிருக்கும். போனா அது என் தப்பு. அதை எனக்குக் குடு."

அதற்குப் பிறகுதான் பேச்சு உருப்படியாக நடந்தது. எனக்கு எங்கே கை நடுங்குகிறது என்று அவன் சொன்னான்: இரண்டாவது செர்வில், அதுவும் முப்பது-நாற்பதில். அவனுடைய ரிட்டர்ன் எப்போது மிதக்கிறது என்று நான் சொன்னேன்: உயரமான ஆள் நெட்டில் நின்றால் இவன் கோட்டை விட்டு நடுவுக்கே அடிக்கிறான், எதிராளிக்கு அது தீபாவளி. அவனுக்கு இதை யாரும் சொன்னதில்லையாம். அவன்தான் எல்லா ஜோடியிலும் நல்ல ஆட்டக்காரன், அவனிடம் போய்க் குறை சொல்ல யார் வருவார்கள்?

மழை விட்டதும் மறுபடி ஆடப்போகிறோம். சில ஏற்பாடுகள் முடிவாகியிருக்கின்றன. இடது பக்கம் இனி அவனுக்கு, மரியாதை டீக்கடையோடு சரி. நடுப்பந்து அவனுடைய போர்ஹேண்டுக்கு. என் செர்வில் அவன் நெட்டில் நின்று முதுகுப்பக்கம் விரல் காட்டுவான், விரல் காட்டினால்தான் குறுக்கே பாயலாம், இல்லாவிட்டால் இடத்தைவிட்டு நகரக் கூடாது. நான் டபுள் ஃபால்ட் போட்டால் அவன் வாயைத் திறக்கக் கூடாது, ஆறுதலும் கூடாது. என் தலைக்கு மேல் போகும் லாப் எனக்கே, பின்னால் ஓடி எடுப்பது என் வேலை. இந்தக் கடைசி விஷயத்துக்கு மட்டும் அவன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.